கடலை அளப்பது ஒரு கழித்தல் கணக்கு

மூன்று நாளாக ஒரே வரைபடத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். பூமத்திய ரேகையை ஒட்டி உலகத்தையே சுற்றி நீல நிறத்தில் ஒரு பட்டை. நீலம் என்றால் கடல்மட்டம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். சில இடங்களில் 60 செ.மீ. வரை தாழ்ந்திருப்பதாக என் கணினி சத்தியம் செய்தது. பெருங்கடலில் அரை மீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்தால் அது செய்தித்தாளில் வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஆகவே தப்பு என்னுடையதுதான் என்று தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கண்டுபிடித்தேன். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன். ஒரே ஒரு குறி. காற்றிலுள்ள ஈரப்பதத்துக்கான திருத்தம் அது. ஈரம் அதிகமான இடங்களில்தான் பட்டை இருந்தது என்பதை முதல் நாளே கவனித்திருந்தால் இரண்டு நாள் தூங்கியிருக்கலாம்.

செயற்கைக்கோள் கடலை 'பார்க்கிறது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் கடல்மட்டத்தை அளக்கும் ரேடார் ஆல்டிமீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, நேரம். ஒரு துடிப்பைக் கீழே அனுப்பும், அது நீரில் பட்டுத் திரும்பும், போய்வர ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஒளி ஒரு சென்டிமீட்டரைக் கடக்க 33 பிக்கோ விநாடி போதும் (ஒரு பிக்கோ விநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 1,336 கி.மீ. உயரத்திலிருந்து இந்த வேலையைச் செய்து, கடைசியில் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் கடல் உயர்கிறது என்று சொல்ல வேண்டும். வழியில் காற்று இருக்கிறது. உலர்ந்த காற்று மட்டுமே துடிப்பைத் தாமதப்படுத்தி, தூரத்தைச் சுமார் 2.3 மீட்டர் கூட்டிக் காட்டும். ஈரக் காற்று இடத்தைப் பொறுத்துச் சில சென்டிமீட்டரிலிருந்து 40 செ.மீ. வரை சேர்க்கும். மேலே மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் தன் பங்குக்குக் கொஞ்சம். அப்புறம் அலைகள். அலையின் பள்ளம் குழிந்திருப்பதால் முகட்டைவிட நன்றாகப் பிரதிபலிக்கும், எனவே ரேடாருக்குக் கடல் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் தாழ்வாகவே தெரியும். ஓதத்தை, அதாவது சூரிய சந்திர ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவதைக் கழிக்க வேண்டும், காற்றழுத்தம் நீரை அமுக்குவதைக் கழிக்க வேண்டும். இவ்வளவையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறதோ அதுதான் கடல்.

அதனால் 'அடுத்த தலைமுறைக் கடல் செயற்கைக்கோள்' என்று எங்காவது படித்தால், அதில் எத்தனை கேமரா என்று நான் பார்ப்பதில்லை. எதைப் புதிதாகக் கழிக்க முடிகிறது, பழைய கணக்கோடு இந்தக் கணக்கு ஒட்டுமா, இந்த இரண்டும்தான் என் கேள்வி.

கொஞ்சம் பின்னால் போகலாம். கடலுக்கென்றே வடிவமைத்த முதல் செயற்கைக்கோள்களில் பெயர் வாங்கியது நாசாவின் சீசாட். 1978 ஜூனில் ஏவினார்கள். ஆல்டிமீட்டர், காற்றை அளக்கும் ஸ்கேட்டரோமீட்டர், மைக்ரோவேவ் ரேடியோமீட்டர், படமெடுக்கும் ரேடார் என்று இன்றைக்குத் தனித்தனியாகப் பறக்கும் கருவிகள் பலவும் அந்த ஒன்றிலேயே இருந்தன. அக்டோபரில் மின்கோளாறு வந்து செத்துப்போனது. நூற்றுச் சொச்சம் நாள் ஆயுள். அந்த நூறு நாள் தரவை வைத்துக்கொண்டு பல வருடம் ஆராய்ச்சி செய்தார்கள்.

அதற்குப்பின் 1992 ஆகஸ்டில் நாசாவும் பிரான்சின் விண்வெளி அமைப்பான சி.என்.இ.எஸ்.ஸும் சேர்ந்து டோபெக்ஸ்/பொசைடனை அனுப்பின. 1,336 கி.மீ. என்ற அந்த விநோதமான உயரம் அப்போது முடிவானதுதான். பூமியை நோக்கும் செயற்கைக்கோள்கள் பலவும் ஓர் இடத்தை எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும்படி சுற்றும், சூரிய ஒளி ஒரே மாதிரி விழும் என்பதால் படமெடுக்க அது வசதி. கடல்மட்டத்துக்கு அதுவே வினை. சூரியனால் வரும் ஓதம் 12 மணிக்கு ஒருமுறை எழுந்து அடங்குவது. நீங்கள் தினமும் காலை பத்து மணிக்கே போய்ப் பார்த்தால் அது எப்போதும் ஒரே நிலையில்தான் இருக்கும், அங்கே கடலே அந்த உயரம்தான் என்று நம்பிவிடுவீர்கள். அதனால் வேண்டுமென்றே நேரம் மாறிக்கொண்டே வரும் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். உயரத்தில் காற்றின் உராய்வும் குறைவு, செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் கணக்கிடலாம். அடுத்தடுத்து வந்த ஜேசன்-1, 2, 3, அப்புறம் 2020 நவம்பரில் போன சென்டினல்-6 மைக்கேல் ஃப்ரைலிக், எல்லாமே அதே பாதையில்தான் ஓடின. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தடம்.

அந்தத் தொடர் தரவிலிருந்துதான் 1993-லிருந்து உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 10 செ.மீ. ஏறியிருக்கிறது என்று சொல்கிறோம். உயரும் வேகமும் இந்தக் காலத்தில் ஏறத்தாழ இரட்டித்திருக்கிறது, வருடத்துக்கு 2 மி.மீ. அளவிலிருந்து 4 மி.மீ.க்கு மேல். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டோபெக்ஸின் தொடக்க வருடங்களில் கடல் உண்மையைவிட வேகமாக உயர்வதுபோலத் தெரிந்தது. 1996-ல்தான் காரணம் பிடிபட்டது: கருவியின் கடிகார ஓட்டத்தைத் திருத்தும் மென்பொருளில் ஒரு பிழை. கரைகளில் காலகாலமாக நிற்கும் கடல்மட்டக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் ஏன் இன்னும் விடப்படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. என் நீலப் பட்டை நினைவுக்கு வரும்போதெல்லாம் இதை நினைத்துத் தேற்றிக்கொள்வேன்.

சரி, புதிய தலைமுறைக்கு வருவோம். பழைய ஆல்டிமீட்டர்களின் பெரிய குறை, அவை தமக்கு நேர் கீழே ஒரு கோட்டை மட்டும்தான் அளக்கும். பத்து நாளில் உலகம் முழுக்கக் கோடு போட்டாலும், பூமத்திய ரேகையில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே 315 கி.மீ. இடைவெளி விழும். 50 கி.மீ. அகலமுள்ள ஒரு நீர்ச்சுழல் அந்த இடைவெளியில் பிறந்து, நாலு வாரம் சுற்றி, யாருக்கும் தெரியாமல் அடங்கிவிடலாம். வெப்பத்தையும் சத்துக்களையும் மேலும் கீழும் கொண்டுபோவதில் இந்தச் சின்னச் சுழல்களுக்குப் பெரிய பங்கு.

2022 டிசம்பர் 16 அன்று ஏவப்பட்ட ஸ்வாட் என்ற செயற்கைக்கோள் இந்தக் கோட்டைப் பட்டையாக்கியது. 10 மீட்டர் நீளத் தண்டு ஒன்று, அதன் இரு முனையிலும் இரண்டு ஆண்டெனா. ஒன்று அனுப்பும் துடிப்பின் எதிரொலியை இரண்டும் கேட்கும். இரண்டுக்கும் வந்துசேரும் அலைகளுக்கிடையே இருக்கும் நுண்ணிய வித்தியாசத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கணக்கிடலாம். இரண்டு காது இருப்பதால்தானே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிகிறது, ஏறக்குறைய அந்த மாதிரி. இப்படி இரு பக்கமும், நேர் கீழிருந்து 10 கி.மீ. தள்ளித் தொடங்கி, தலா 50 கி.மீ. பட்டை கிடைக்கிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத கணக்கு ஒன்று உண்டு, ஒரு காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். தண்டு ஒரு ஆர்க்-செகண்ட் அளவு, அதாவது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு சாய்ந்தால் என்ன ஆகும்? 10 மீட்டர் தண்டில் ஒரு முனை மற்றதைவிட சுமார் 0.05 மி.மீ. மேலே போகும், தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட பாதி. கீழே 60 கி.மீ. தள்ளி, பட்டையின் ஓரத்தில், கடல் 29 செ.மீ. உயர்ந்ததாகவோ தாழ்ந்ததாகவோ தெரியும். அரை முடி அசைவுக்கு ஒரு அடி கடல்! வெயிலில் ஒரு பக்கம், நிழலில் ஒரு பக்கம் என்று ஒவ்வொரு சுற்றிலும் சூடேறி ஆறும் தண்டில் இதைத் தவிர்க்கவே முடியாது. அதனால் மேலேறும் பாதையும் கீழிறங்கும் பாதையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டு அளவையும் ஒப்பிட்டு, சாய்வைக் கண்டுபிடித்துக் கழிக்கிறார்கள். மறுபடியும் கழித்தல்தான்.

கிடைத்த பலன் கொஞ்சநஞ்சமல்ல. கடலடி மலைகளின் ஈர்ப்பு தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்வதால், மலைக்கு மேலே கடல் பரப்பு லேசாகப் புடைத்திருக்கும். ஸ்வாட்டின் ஒரு வருடத் தரவு, முப்பது வருடக் கோட்டுத் தரவைவிட நுணுக்கமான கடலடி வரைபடத்தைத் தந்ததாக 2024 டிசம்பரில் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. கப்பல்கள் சோனார் வைத்து அளந்தது இன்றுவரை கடலடியில் கால்வாசி அளவுதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

எனக்குப் பிடித்தது கிரீன்லாந்துக் கதை. 2023 செப்டம்பர் 16 அன்று தொடங்கி உலகெங்கும் நிலநடுக்கக் கருவிகளில் விசித்திரமான ஒரு துடிப்பு பதிவானது. 90 விநாடிக்கு ஒருமுறை, ஒன்பது நாள். நிலநடுக்கம் இப்படி இருக்காது. கிழக்கு கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் மலைச்சரிவு விழுந்து எழுப்பிய பேரலை, அந்தக் குறுகிய நீர்வழிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, தட்டில் ஆடும் தண்ணீர் மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் அங்கே போன டேனிஷ் ராணுவக் கப்பல் கண்ணுக்கு எந்த அலையும் படவில்லை. பின்னால் ஸ்வாட்டின் தரவைத் தோண்டியபோது, ஃபியோர்டின் குறுக்கே நீர்மட்டம் இரண்டு மீட்டர் வரை சாய்ந்திருப்பதும், இன்னொரு நாள் அதே சாய்வு எதிர்த்திசையில் இருப்பதும் தெரிந்தது. 2025-ல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு கோட்டு ஆல்டிமீட்டரால் இதைச் செய்திருக்க முடியாது.

இவ்வளவு இருந்தும் நேரடியாக இன்னும் அளக்காத ஒன்று இருக்கிறது: நீரோட்டம். ஆச்சரியமாக இருக்கும். கடல்மட்டச் சாய்விலிருந்து ஊகித்துத்தான் நீரோட்டத்தைச் சொல்கிறோம், அந்த ஊகத்துக்குப் பூமி சுற்றுவதால் வரும் கோரியாலிஸ் விளைவு வேண்டும். பூமத்திய ரேகையில் அது பூச்சியம், அங்கே சூத்திரமே படுத்துவிடும். காற்று தள்ளிக்கொண்டுபோகும் மேல்நீர் ஓட்டமும் இதில் வராது. எண்ணெய்க் கசிவு எங்கே போகும், காணாமல்போன படகை எங்கே தேடுவது என்று கேட்பவருக்கு வேண்டியது அந்த மேல்நீர்தான்.

இதற்கு வழி டாப்ளர். எதிரொலியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் நீர் எந்த வேகத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் அலைகளும் நகர்கின்றன, அவற்றின் அசைவு நீரோட்டத்தைவிடப் பெரிதாக எதிரொலியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஸ்கிம் என்ற திட்டம் அலையையும் ஓட்டத்தையும் சேர்த்தே அளந்து பிரிப்பதாக இருந்தது. 2019-ல் ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் இறுதிப் போட்டியில் ஃபோரம் என்ற வளிமண்டலத் திட்டத்திடம் தோற்றது. நல்ல திட்டத்திடம்தான் தோற்றது, இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. இப்போது நம்பிக்கை 2022-ல் தேர்வான ஹார்மனி மேல். இரண்டு செயற்கைக்கோள்கள், ஐரோப்பாவின் படமெடுக்கும் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் ரேடார் துடிப்பின் எதிரொலியைத் தள்ளியிருந்து வேறு கோணங்களில் கேட்கும். தாமாகத் துடிப்பு எதையும் அனுப்பாது, ஒட்டுக்கேட்பதுதான் முக்கிய வேலை.

கடலின் நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. நுண்பாசிகள் இருக்கும் நீர் பச்சை சாயும், அதை வைத்து அவற்றின் அளவைச் சொல்லலாம். 1999-ல் இஸ்ரோ அனுப்பிய ஓஷன்சாட்-1-ல் எட்டு நிறப் பட்டைகள், 2022-ல் போன ஓஷன்சாட்-3-ல் பதின்மூன்று. 2024 பிப்ரவரியில் நாசா அனுப்பிய பேஸ் செயற்கைக்கோள் புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பின் ஓரம் வரை இடைவெளியே விடாமல் 5 நேனோமீட்டர் நுணுக்கத்தில் பார்க்கிறது. எவ்வளவு பாசி என்பதோடு எந்த வகைப் பாசி என்றும் சொல்ல முயல்கிறார்கள், நச்சுப் பாசிகள் பெருகும்போது அந்த வித்தியாசம் முக்கியம். ஆனால் செயற்கைக்கோளுக்கு வந்துசேரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் காற்றிலிருந்தே வந்தது. நீருக்குள் போய் வந்தது மிச்சமிருக்கும் பத்துதான். கழிப்பதில் ஒரு சதவீதம் பிசகினால் கடலின் கணக்கில் பத்து சதவீதம் போச்சு.

உப்பு விஷயம் இன்னும் கடினம், எனக்கு இன்னும் பிடித்ததும்கூட. கடல்நீர் தானாகவே மிக மெலிதான மைக்ரோவேவ் கதிர்வீச்சை வெளியிடுகிறது. 1.4 கிகாஹெர்ட்ஸில் கேட்டால் அது உப்பின் அளவைப் பொறுத்துச் சற்றே மாறும். அந்தக் கதிர்வீச்சின் அளவை வெப்பநிலை மாதிரி கெல்வினில் சொல்வார்கள். வெதுவெதுப்பான நீரில் கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் சுமார் அரை கெல்வின் வித்தியாசம், குளிர்ந்த நீரில் அதுவும் பாதியாகக் குறையும். திறந்த பெருங்கடலில் உப்பு பெரும்பாலும் 32-லிருந்து 37 கிராமுக்குள்தான் ஆடும் என்பதால் கெல்வினில் பத்தில் ஒரு பங்குக்கு மாரடிக்க வேண்டும். அலைநீளம் 21 செ.மீ., தெளிவாகப் பார்க்க மகா பெரிய ஆண்டெனா வேண்டும். ஐரோப்பாவின் ஸ்மோஸ் 2009-ல் மூன்று கைகளை விரித்து 69 சின்ன ஆண்டெனாக்களை வைத்து ஒரு பெரிய ஆண்டெனா மாதிரி நடித்தது. 2015-ல் போன நாசாவின் ஸ்மாப் 6 மீட்டர் வலைக்குடையை நிமிடத்துக்குப் பதினான்கு சுற்றுக்கு மேல் சுழற்றிக்கொண்டிருக்கிறது. இதில் கழிக்க வேண்டியவற்றின் பட்டியலைப் பார்த்தபோதுதான் நான் இந்தத் துறையிடம் முழுசாகச் சரணடைந்தேன். பால்வெளி மண்டலத்தின் ரேடியோ ஒளி கடலில் பட்டுப் பிரதிபலிக்கிறது, அதையும் கழிக்க வேண்டுமாம்.

பால்வெளியைக் கழித்துவிடலாம், மனிதர்களை எப்படிக் கழிப்பது? 1.400–1.427 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று சர்வதேச விதி. ஸ்மோஸ் மேலே போய்க் காதைத் திறந்ததும் அங்கங்கே விதியை மீறிய சிக்னல்கள் காதைப் பிளந்தன. ஒவ்வொரு நாட்டு அதிகாரிகளிடமும் சொல்லி ஒவ்வொன்றாக அணைக்க வைத்தார்கள். அடுத்த சண்டை கடல் வெப்பநிலைக்கு. மேகத்தை ஊடுருவி வெப்பநிலையைச் சொல்ல 7 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள் வேண்டும். 2023-ல் துபாயில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் 6.425 முதல் 7.125 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிகளை உலகின் பல இடங்களில் கைபேசிச் சேவைக்கென அடையாளம் காட்டிவிட்டார்கள். அதற்கு ஈடாக 4.2–4.4, 8.4–8.5 ஆகிய பட்டைகளைக் கடல் வெப்பநிலைக்குத் தரலாமா என்று 2027 மாநாட்டுக்குள் ஆராய வேண்டுமாம். அடுத்த தலைமுறைக் கருவியின் வடிவத்தைப் பொறியாளர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். அலைவரிசை போனால் எவ்வளவு நல்ல ஆண்டெனாவும் வெறும் குடைதான்.

சின்னச் செயற்கைக்கோள்களை நிறைய அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். சிலவற்றுக்குப் போதும். 2016 டிசம்பரில் போன சிக்னஸ், ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குள் இருக்கும் எட்டுச் செயற்கைக்கோள்கள். கடலில் பட்டுச் சிதறும் ஜி.பி.எஸ். சிக்னலைப் பிடித்து, கொட்டும் மழைக்கு நடுவேயும் புயலின் உள்ளே காற்று எவ்வளவு என்று சொல்கிறது. பிரமாதமான யோசனை. ஆனால் உப்புக்கும் மேகத்தடியிலுள்ள வெப்பநிலைக்கும் ஆண்டெனா பெரிதாகத்தான் இருந்தாக வேண்டும், இயற்பியலிடம் தள்ளுபடி கேட்க முடியாது. ஐரோப்பா கட்டிக்கொண்டிருக்கும் சிமர் ஒரே பெரிய வலைக்குடையில் உப்பு, வெப்பநிலை, கடல் பனி மூன்றையும் பிடிக்கப் பார்ப்பது அதனால்தான்.

என் உண்மையான கவலை வேறு. 2021 டிசம்பரில் சென்டினல்-1பி மின்கோளாறால் நின்றது, மாற்றாள் 1சி மேலே போனது 2024 டிசம்பரில். மூன்று வருடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார்கள். படமெடுக்கும் ரேடாருக்கு அது நஷ்டம், அவ்வளவுதான். கடல்மட்டத் தொடரில் அப்படி ஓர் இடைவெளி விழுந்தால் நஷ்டம் அதோடு நிற்காது. பழைய அளவுகோலையும் புதிய அளவுகோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போகும், இரண்டுக்கும் இடையே 5 மி.மீ. வித்தியாசம் வந்தால் அது கடலா கருவியா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. புதிய கருவிக்குப் பணம் கேட்டால் கிடைக்கிறது. பழையதும் புதியதும் ஒரு வருடம் சேர்ந்து ஓட வேண்டும் என்று கேட்டால், ஒரே வேலைக்கு இரண்டு ஆளா என்று பார்ப்பார்கள். ஆமாம், இரண்டு ஆள்தான் வேண்டும்.

சென்டினல்-6 போனதும் ஜேசன்-3-ஐ அடுத்து அப்படித்தான் ஓடவிட்டார்கள். ஒன்று கடந்த இடத்தை மற்றொன்று 30 விநாடிக்குள் கடக்கும், இடையே 200 கி.மீ. சொச்சம், 2022 ஏப்ரல் வரை. இந்தக் கட்டுரை எழுதும் முன் அந்தக் காலத்தின் ஒரு பாதையை எடுத்து இரண்டையும் ஒரே படத்தில் போட்டுப் பார்த்தேன், இந்த முறை குறியை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு. பழையதின் கோடு ரம்பப் பல் மாதிரி நடுங்கிக்கொண்டு போகிறது. புதியது அதன் நடுவே மெல்லிசாக, நிதானமாக. ஏற்றம் இறக்கம் எல்லாம் ஒன்றோடொன்று படிகின்றன, ஒரே தண்ணீரைத்தான் இரண்டும் பார்த்திருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை தள்ளி, பாதை நெடுக அதே அளவில் தள்ளி நிற்கிறது. அந்த இழையை அளப்பதற்குத்தான் ஒரு வருடத்துக்கு மேல் இரண்டையும் சேர்த்து ஓட்டினார்கள்.